இன்னும் வராத ஆளைக் கொடுத்து வாங்கியது

1

ஊருக்கு எழுதுகிறவர்கள் இங்கே பனி எவ்வளவு விழுகிறது, பால் என்ன விலை என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு நேற்று நடந்ததைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அதையே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் நீங்களே சரிசெய்து வாசித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் என் மகன் சங்கர், தான் ஆதரிக்கிற டீமுக்கு இல்லாத ஒரு முறைக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவுக்கு வந்து நாலு வருசம் தாண்டியும் இந்த ஊர் ஃபுட்பால் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பேர்தான் அப்படி. பந்து இரண்டு பக்கமும் கூம்பி நொங்குக் கண் மாதிரி இருக்கிறது, காலால் உதைப்பது கொஞ்சம், கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஒருவன் எறிவான். தூரத்தில் ஓடுகிறவன் அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவனுக்கு ரிசீவர் என்று பேர்.

வருசத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயில் நம் ஊரில் கொளுத்துகிற சமயம், கல்லூரியில் ஆடுகிற பிள்ளைகளை ஒவ்வொரு டீமும் முறை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். போன வருசம் கடைசி இடத்தில் நின்ற டீமுக்கு முதல் முறை. அதுவரை நியாயம்தான். ஆனால் அந்த முறையையே இன்னொரு டீமிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் வேறு ஆளை வாங்கிக்கொள்ளலாமாம். சங்கருடைய டீம் அப்படித்தான் செய்தது. இரண்டாம் சுற்றில் வரவேண்டிய பிள்ளையைப் போன ஐப்பசியிலேயே கொடுத்துவிட்டது.

"அப்ப எதுக்குலே உக்காந்து பாக்க?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்மா. யாரு போறாகன்னு பாக்கணும்ல" என்றான்.

2

அந்த ஐப்பசியைச் சொல்கிறேன். இங்கே தீபாவளிக்கு லீவு கிடையாது. மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். பேரன் குட்டி அப்போது பள்ளிக்கூடம் சேரவில்லை, அவனுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, நான்கு அதிரசம் சுட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். வெடி கிடையாது. போட்டால் போலீஸ் வருமாம். நம் பக்கத்தில் வருசம் பூராவும் வெடியோடு கிடந்துவிட்டு, தீபாவளியன்று ஓசையே இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் ஒரு நாள் சங்கர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டான்.

"அம்மா, ஆளைத் தூக்கிட்டோம்!"

யார் வீட்டில் எழவோ என்று நினைத்துவிட்டேன். பேத்தி அனு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினாலு வயது. வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவிட்டது. அறைக்கதவை மூடினால் சாப்பாட்டுக்குத்தான் திறக்கும். ஆனால் ஆட்டம் என்றால் அப்பாவோடு வந்து உட்காருவாள். அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"அப்பத்தா, நல்லா பந்து பிடிக்கிற ஒருத்தரை வாங்கிட்டாங்க. பட் ஹி இஸ் ஓல்ட்."

"எம்புட்டு வயசு?"

"தர்ட்டி ஃபோர்."

"முப்பத்திநாலா கிழவன்? அப்ப உங்கப்பன் யாரு?"

அனு சிரித்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பது அபூர்வம். அந்தச் சந்தோசத்தில் இன்னொன்றும் கேட்டேன்.

"அவருக்குப் பதிலா யாரைக் குடுத்தாக?"

"யாரையும் இல்ல. அடுத்த வருசம் எடுக்கப்போற ஆள்."

"யாரு அது?"

"தெரியாது அப்பத்தா. இன்னும் யாருன்னே தெரியாது. நோபடி நோஸ்."

சங்கர் நடுவில் புகுந்தான். "வராதவனை வச்சு இப்ப என்னம்மா செய்ய? சீசன் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப ஜெயிக்கணும். அதுக்கு அனுபவஸ்தன் வேணும்."

சீசன் என்றான். எங்கள் வெடிக் கம்பெனியிலும் அதே சொல்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சோற்றுப் பானை பொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பைத் தணிக்கவில்லை.

3

என்னையும் ஒரு தடவை இப்படி வாங்கினார்கள்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில். அப்போது நான் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். சரவெடியில் ஒவ்வொரு வெடியின் திரியையும் நடுத்திரியோடு சேர்த்து இடைவெளி விடாமல் பின்ன வேண்டும். தளர்ந்தால் பாதியில் அணைந்துபோகும். வயது நாற்பது தாண்டியிருந்தது. கையில் வேகம் இருந்தது, அவ்வளவுதான். வாயில் பேச்சு இருக்காது. போர்மேன் ஏதாவது கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன்.

ஆனைக்குட்டம் பக்கம் இருந்த ஒரு கம்பெனிக்குத் தீபாவளிக்கு முன்னால் பெரிய சர ஆர்டர் வந்தது. பின்ன ஆள் இல்லை. நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பெனி வேன் வரும் என்பது போர்மேன்களுக்குள் பேச்சு. அந்த வருசம் பள்ளிக்கூடம் முடித்துப் புதிதாக வேலைக்கு ஏறும் பிள்ளைகள் எந்த வேன் வருகிறதோ அதில்தான் ஏறும். ஆனைக்குட்டத்துப் போர்மேன் வந்து எங்கள் போர்மேனிடம் பேசினார். அந்த சீசனுக்கு நானும் இன்னொரு அக்காவும் அங்கே போக வேண்டும். அதற்குப் பதில், அடுத்த சித்திரையில் அவர்கள் எடுக்க வேண்டிய மேலத்தெருப் புதுப் பிள்ளைகளை எங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய வேன் அந்தத் தெருவுக்கு வராது.

எங்கள் போர்மேன் என்னிடம் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "யக்கா, உங்களுக்காக ஒரு தெருவையே விட்டுக் குடுத்திருக்காக. சும்மா இல்ல, பாத்துக்கோங்க."

பின்னிக்கொண்டிருந்த பெண்டுகள் எல்லாரும் சிரித்தார்கள். "ஏத்தா, இனி நீ நாட்டாமைதான். எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்கோ" என்றாள் ஒருத்தி. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளே பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த சீசன் முடியும்வரை பின்னினேன். தை பிறந்தபோது மணிக்கட்டு திரும்பவில்லை. பெட்டி அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மறு சீசன் ஆனைக்குட்டத்துக்காரர்கள் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்டர் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மேலத்தெரு எங்கள் தெரு. அந்தச் சித்திரையில் புதிதாக ஏறியவர்களில் என் மூத்த மகள் முத்துமாரியும் ஒருத்தி. எங்கள் பழைய கம்பெனியில்தான் அவள் மாப்பிள்ளையைப் பார்த்தது. அவர் அங்கே லோடு ஏற்றுகிற ஆள். நல்ல மனுசன். சில வருசம் கழித்து லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். முத்துமாரி வேனில் போய்வந்த சம்பளத்தில்தான் தம்பி சங்கர் இஞ்சினியரிங் படித்தான். அவளும் ஒருநாளும் சொல்லிக் காட்டியது இல்லை, இவனும் மறந்தவன் இல்லை.

4

நான் இங்கே வந்தது ஆறு மாதத்துக்கு. குட்டி பிறக்கிற சமயம், மருமகளுக்குத் துணை. அதற்கு முன்னால் ஊரில் என் வேலை என்ன என்றால், முத்துமாரி காலையில் வேன் ஏறியதும் மருமகனைப் பார்த்துக்கொள்வது. திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கஞ்சி கொடுக்க வேண்டும். நான் வீட்டில் இருந்ததால் முத்துமாரி மகள் செல்வி விருதுநகர் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் வருசம். காலையில் பஸ்ஸைப் பிடிக்கத் தலையை ஈரத்தோடு பின்னிக்கொண்டு ஓடுவாள்.

நான் கிளம்புகிறபோது, ஆறு மாதத்துக்கு லீவு போட்டுச் சமாளித்துக்கொள்வதாகச் செல்வியே சொன்னாள். "நீ போயிட்டு வா அம்மாச்சி. விமானத்துல சன்னல் சீட்டு கேளு" என்றாள். ஆள் வைக்கச் சொல்லிச் சங்கர் பணம் அனுப்பினான். நம் பக்கத்தில் வீட்டு வேலைக்கு யார் வருவார்கள்? கை கால் நல்லா இருக்கிற எல்லாரும் காலையில் ஏதாவது ஒரு வேனில் ஏறிவிடுகிறார்கள்.

ஆறு மாதம் முடிகிறபோது குட்டியைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். பிறகு எனக்கு இங்கேயே தங்க நிரந்தரமாகக் கார்டு போட்டார்கள். கார்டு வந்தபின் ஊருக்குப் போகவா என்றால், "அதிக நாள் வெளிய இருந்தா கார்டு போயிரும்மா. திரும்பி வாறதுக்கு ஒரு அனுமதி வாங்கிட்டுப் போ" என்றான் சங்கர்.

"கார்டு போனா போகட்டும்லே."

"எம்புட்டு கஷ்டப்பட்டு வாங்குனது. முடியலைன்னா அங்கன யாரு உன்னைப் பாப்பா?"

அவன் சொல்வதும் பாசத்தில்தான். எனக்குப் பேச வருவதில்லை.

அந்த அனுமதிக்குக் கைரேகை கேட்டார்கள். ஒரு ஆபீசில் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். விழவில்லை. அங்கே இருந்த பெண் நல்ல பெண். துணியால் துடைத்தாள், ஏதோ தைலம் தடவினாள், என் விரலைத் தன் கையால் அழுத்திப் பார்த்தாள். விழவில்லை. ரேகை இப்படித் தேய நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டாள். சங்கர் ஒரு நொடி யோசித்து, "விவசாயம்" என்றான். வெடிமருந்து என்று அந்த மாதிரி ஆபீசில் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடுமாம். காரில் வரும்போது, "ஏலே, நம்ம எந்தக் காட்டுலடா வெவசாயம் பாத்தோம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இன்னொரு தேதி கொடுத்துத் திரும்ப வரச் சொன்னார்கள். அப்போதும் விழவில்லை. அதற்குப் பிறகு காகிதம் வந்துகொண்டே இருந்தது, அனுமதி வரவில்லை.

ஊரில் ரேஷன் கடை மிஷினிலும் என் விரல் விழாது. வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கடைக்காரர், "ஏ செல்வி, நீ வந்து வையி தாயி" என்று கூப்பிடுவார். அவள் விரலை வைத்த நிமிசம் மிஷின் சத்தம் கொடுக்கும். அரிசி, சீனி, எண்ணெய் எல்லாம் அவள் விரலுக்குத்தான் வந்தது. இங்கே வைப்பதற்கு அவள் விரல் இல்லை.

செல்வி இரண்டாம் வருசத்துக்குப் போகவில்லை. ஒருநாள் போனில், "காலேஜு போனா அப்பாவை யாரு பாப்பா அம்மாச்சி? வீட்ல இருந்தே பெட்டி ஒட்டுறேன். நேரம் போவுது" என்றாள். பட்டாசு வைக்கிற அட்டைப்பெட்டி. அவள் முகத்துக்குப் பின்னால் மடிக்காத அட்டை குவிந்து கிடந்தது தெரிந்தது.

5

அந்த வயசான ரிசீவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் வந்த முதல் ஆட்டத்தில் ஒன்றைப் பிடித்தார். எறிந்தவன் சரியாக எறியவில்லை. இவர் பக்கவாட்டில் விழுந்து ஒரு கையால் பிடித்துவிட்டார். சங்கர் குதித்ததில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்து அழுதான். "பாத்தியா, இதுக்குத்தான் வாங்குனது" என்றான் என்னிடம்.

பிறகு அப்படி ஒன்று வரவில்லை. பந்து அவர் விரலைத் தொட்டுவிட்டு விழுந்தது. ஓட்டம் ஒரு எட்டுப் பிந்தியது. மார்கழியில் முழங்கால் பிசகி, வெளியே பெஞ்சில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதே சமயம் நான் சோபாவில் உட்கார்ந்து முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பத்தா, நீயும் அவரும் சேம் டீம்" என்றாள் அனு.

டீம் ஜெயிக்கவில்லை. ஆட்டம் எல்லாம் முடிந்தது. மாசி கடைசியில் சங்கர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தாளை விட்டுட்டாங்கம்மா."

"எங்க விட்டாக?"

"டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அந்த முறை? குடுத்தீகளே, அது திரும்பி வருமா?"

"அது எப்படிம்மா வரும்? குடுத்தது குடுத்ததுதான்."

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான், வந்ததிலிருந்து முதல் தடவையாக மகனிடம் அழுத்திக் கேட்டேன். குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அனுவுக்கு நான் தேவையில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை, அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் என்னை அனுப்பு என்றேன். "நான் போனா செல்வி திரும்பக் காலேஜுல சேருவா. வைகாசியில பிள்ளைகளைச் சேக்க ஆரம்பிச்சிருவாகல்லே."

சங்கர் போனைக் கீழே வைத்தான். பிறகு, "சரிம்மா. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஜூன்ல டிக்கெட் போடுறேன்" என்றான்.

அதிலிருந்து நேற்று வரை நான் நன்றாகத் தூங்கினேன். இருபத்திரண்டு வயதில் காலேஜ் சேர்ந்தால் என்ன? சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். ஊரில் சொல்லவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்றிருந்தேன்.

6

நேற்று சங்கர் டீமின் முறை வர வேண்டிய இடத்தில் வேறு டீமின் பேர் வந்தது. ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். அவனை வீட்டிலேயே படம் பிடித்துக் காட்டினார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்தான். போன் வந்ததும் எழுந்தான், அவன் அம்மா மடார் என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் ரிசீவர்தானாம்.

"நமக்கு வரவேண்டிய பிள்ளைம்மா" என்றான் சங்கர்.

எனக்கு உடனே செல்வியிடம் பேச வேண்டும் போல இருந்தது. டிக்கெட் வரும்வரை இருக்கலாம் என்ற எண்ணம் போய்விட்டது. அடுப்படிக்குப் போய் போனை எடுத்தேன். இங்கே அந்தி என்றால் அங்கே விடிகிற நேரம். செல்விதான் எடுத்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். பின்னால் வேலிக்கருவைப் புதர் தெரிந்தது. ரோட்டில் நிற்கிறாள்.

"இம்புட்டு வெள்ளன எங்க தாயி நிக்க?"

"நீ என்ன இந்நேரம் கூப்பிடுற? உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"நான் வாறேன் செல்வி. ஜூன்ல வாறேன். மாமா சரின்னுட்டான். இனி உங்கப்பாவை நான் பாத்துக்கிறேன். நீ காலேஜுல சேரு."

அவள் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பெண், "யாருடி, அமெரிக்காவா? டாலரு அனுப்பச் சொல்லு" என்றது கேட்டது.

"அப்பாவை அம்மா பாத்துக்கிறாக அம்மாச்சி" என்றாள் செல்வி. "அம்மாவுக்கு இடுப்பு போச்சு. குனிஞ்சு உக்கார முடியல. போன சித்திரையில நின்னுட்டாக. அவுக எடத்துக்கு நான் போறேன். உனக்குச் சொன்னா அழுவன்னுதான் சொல்லல."

"ஒரு வருசமாவா?"

"ஆமா. சரம் பின்னுறேன். போர்மேன் சொல்றாரு, உங்க அம்மாச்சி கை அப்படியே இருக்குன்னு."

நான் வந்ததும் வேனை விட்டுவிடு, வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். வேனை விட்டால் அந்த வீட்டில் கஞ்சிக்கு வேறு யாருடைய கை இருக்கிறது என்று எனக்கே தெரியும். சங்கர் அனுப்பும் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் சரியாகப் போகிறது. நான் போய்ச் சேர்ந்தால் உட்கார வைத்துச் சோறு போட வேண்டிய இன்னொரு ஆள்.

நான் அழப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள்:

"ஒண்ணு தெரியுமா அம்மாச்சி? ரேஷன் கடையில என் வெரலும் விழ மாட்டேங்குது. போன மாசம் எத்தனை தரம் வச்சேன். கடைக்காரரு, 'உங்க வீட்டுல யாருக்குத்தான்மா வெரலு இருக்கு'ன்னு கேக்காரு."

சிரித்துக்கொண்டே விரலைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். நுனியெல்லாம் வழவழவென்று, வெடிக்குப் போடுகிற வெள்ளி மருந்து படிந்து இருந்தது. வேன் ஹாரன் அடித்தது. "வச்சிர்றேன் அம்மாச்சி, எடம் போயிரும்" என்றாள். போன் அணைந்தது.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சங்கர் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அம்மா, டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன். ஜூன் மொதல்ல போடவா, கடைசியில போடவா?"

என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்பப் போட்டாலும் ஒண்ணுதான்லே" என்றேன்.